மின்சாரச் செய்தியில் யூனிட்டும் மெகாவாட்டும்: கொஞ்சம் கைகொடுங்கள்

குழுவில் உள்ள செய்தி ஆசிரியர்களுக்கும் மின்துறை நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் நாளிதழில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவி ஆசிரியர்களுக்காக, மின்சாரச் செய்தி எழுதுவது பற்றி ஒரு பக்கக் குறிப்பு தயாரிக்கிறேன். சில இடங்களில் முட்டி நிற்கிறேன்.

பெரிய தலைவலி யூனிட்தான். கூடங்குளத்தில் 'இரண்டாவது யூனிட்' என்றால் 1,000 மெகாவாட் அணு உலை. வீட்டு மின்கட்டணத்தில் யூனிட் என்றால் ஒரு கிலோவாட் மணி. இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் வாசகர் என்ன செய்வார்? உலைக்கு 'அலகு' என்று போட்டுப் பார்த்தேன். பள்ளியில் இயற்பியல் படித்தவர்களுக்கு அலகு என்றாலும் அளவைதான்.

அடுத்து, 'நாள் ஒன்றுக்கு 1,000 மெகாவாட் உற்பத்தி' என்ற வாக்கியம். மெகாவாட் அந்தந்த நேரத்துத் திறனைச் சொல்வது. 1,000 மெகாவாட் நாள் முழுக்கக் குறையாமல் ஓடினால் கிடைப்பது 2.4 கோடி யூனிட். 'நாள் ஒன்றுக்கு' என்பதை அடித்துவிட்டாலே போதும், ஆனால் செய்தியாளர்கள் அதை விடுவதாக இல்லை! 2024 மே 2 அன்று தமிழகத்தின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. இதற்கு 'மின்நுகர்வு' என்று தலைப்பிடலாமா? கூடாது என்பது என் கட்சி: அது ஒரு நேரத்துத் திறன், நுகர்வோ யூனிட்டில் சொல்ல வேண்டியது. மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

காற்றாலைச் செய்திகளில் வரும் 'நிறுவுதிறன்' (நிறுவிய இயந்திரங்கள் அதிகபட்சமாகத் தரக்கூடிய திறன்) என்பதை எளிமையாக எப்படி எழுதுகிறீர்கள்? அனல்மின் நிலையங்களில் பணிபுரிபவர்கள் பேச்சில் 'யூனிட்' குழப்பத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? உங்கள் அலுவலகத்தில் நடைக் கையேடு இருந்தால், அந்தப் பக்கத்தின் படம் அனுப்பினாலே உதவியாக இருக்கும். வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது.