மான் வேட்டைக்கு மடங்காத கத்தி: எந்த நீளம், எந்த எஃகு?

காட்டுவழி:
உரிமம் வாங்கியாச்சு. சீசனுக்கு முன்னாடி மடங்காத கத்தி ஒண்ணு வாங்கணும். இப்ப இருக்கிற மடக்குக்கத்தியில கீல் இடுக்குல ரத்தமும் கொழுப்பும் போய் உட்கார்ந்துக்கும், கழுவி எடுக்கிறது பெரும்பாடு. குடல் எடுக்க, தோலுரிக்க, மூட்டுப் பிரிக்க எல்லாத்துக்கும் ஒரே கத்தி போதுமா? பக் 119 ஒண்ணு பார்த்தேன், அலகு 6 அங்குலம். இன்னொண்ணு 4 அங்குலத்துக்கும் கம்மி. எஃகு பேரெல்லாம் படிச்சா தலை சுத்துது: 420எச்சி, டி2, எஸ்35விஎன். வயிற்றுத் தோலைத் திறக்க முதுகுல கொக்கி வச்ச ‘கட் ஹுக்’ (gut hook) கத்தி அவசியமா?

சாணைக்கல்:
சின்னதையே எடுங்க. மானுக்கு 3.5 முதல் 4 அங்குலம் தாராளம். காரணம் இதுதான்: உதரவிதானத்தை அறுத்த பிறகு மூச்சுக்குழாயை வெட்ட, இரண்டு கையும் முழங்கை வரை நெஞ்சுக்கூட்டுக்குள் போகும். கத்திமுனை கண்ணுக்குத் தெரியாது, தடவித்தான் வெட்டணும். அங்கே 6 அங்குல அலகு இருந்தால் முதலில் வெட்டுப்படுவது உங்கள் இன்னொரு கை. பக் 119 நல்ல கத்திதான், இந்த வேலைக்கு நீளம் அதிகம்.

முனை ‘ட்ராப் பாயின்ட்’ ஆக இருக்கட்டும். முதுகு சரிந்து கீழிறங்கி வரும் முனை அது. வயிற்றைத் திறக்கும்போது இரைப்பையில் குத்துவது குறையும். நெஞ்செலும்பு முடியும் இடத்தில் சின்னதாகக் கீறி, இடக்கையின் இரண்டு விரலை உள்ளே விட்டுத் தோலையும் வயிற்றுச் சுவரையும் தூக்கிப் பிடிங்க. கூர்ப்பக்கம் மேலே பார்க்க, அந்த இரண்டு விரலுக்கு நடுவில் கத்தி நகரணும். இரைப்பையோ சிறுநீர்ப்பையோ கிழிந்தால் அது பட்ட கறியை அப்போதே சீவி எறிய வேண்டியதுதான்.

முதுகுத் தடிமன் 3 மி.மீ. போதும். 5 மி.மீ. கத்திகள் விறகு பிளக்க லாயக்கு. கறிக்குள் ஆப்பு மாதிரி இறுகி நிற்கும். குறைந்த செலவில் முடிக்கணும்னா மோரா கம்பேனியன் பாருங்க: அலகு 104 மி.மீ., தடிமன் 2.5 மி.மீ., பிளாஸ்டிக் உறை. அதன் டேங் (கைப்பிடிக்குள் நீளும் அலகின் வால்) கைப்பிடியின் கடைசி வரை போகாது, ஆனாலும் இந்த வேலைக்கு ஒன்றும் ஆகாது. நெம்புகிறவர்களுக்கும், கட்டையால் அடித்து விறகு பிளக்கிறவர்களுக்கும்தான் ஃபுல் டேங் தேவை.

உலைக்களம்:
எஃகைப் பத்தி இவ்வளவு குழம்ப வேண்டியதில்லை. அதே பேருள்ள எஃகு, சூடேத்திக் குளிர வச்ச விதத்தைப் பொறுத்து நல்லதாவும் இருக்கும், குப்பையாவும் இருக்கும். கடினத்தை அளக்கிற ராக்வெல் அளவுல 58–60 சுத்தி இருந்தா சரி. 420எச்சி துரு பிடிக்கிறது கம்மி, சாதாரணக் கல்லுலயே கூர் வந்துடும், ஒரு மானை முடிக்கிற வரைக்கும் தாங்கும். டி2-ல கார்பன் 1.5 சதவீதம், குரோமியம் 12 சதவீதம் சுமார். கூர் ரொம்ப நேரம் நிக்கும், ஆனா எலும்புல பட்டுத் திருகினா விளிம்பு பொடிப்பொடியா உடையும். ஈரத்தோட விட்டா துருவும் வரும். எஸ்35விஎன் அதைவிட உறுதி, துருவும் கம்மி. தீட்ட டைமண்ட் கல் வேணும். 1095-ங்கிற சாதா கார்பன் எஃகு தீட்டுறது சுகம், ஆனா ரத்தத்தோட ஒரு ராத்திரி விட்டா காலையில துரு நிக்கும்.

கூர் மழுங்குறதுக்குக் கறி காரணமில்ல, ரோமம்தான் காரணம். அதுல ஒட்டியிருக்கிற மண்ணும் மணலும் விளிம்பைத் தின்னுடும். அதனால ஒரு இடத்துல மட்டும் தோலைக் குத்தித் திறந்து, கூர்ப்பக்கத்தை வெளிப்பக்கமாத் திருப்பி, உள்ளிருந்து வெளியே அறுங்க. கறியிலயும் ரோமம் ஒட்டாது.

எலும்பை வெட்டவே தேவையில்ல. மானுக்குக் காரை எலும்பு கிடையாது, முன்னங்கால் உடம்போட சதையால மட்டும்தான் ஒட்டியிருக்கு. காலைத் தூக்கிப் பிடிச்சு, தோள்பட்டை எலும்புக்கு அடியிலயே கத்தியை ஓட்டினா முழுசா கையோட வந்துடும். பின்னங்கால் பந்துக்கிண்ண மூட்டு. உள்பக்கத் தசைநாரை அறுத்துக் காலை வெளியே மடக்கினா கழண்டுக்கும். இடுப்பெலும்பைக் கத்தியால பிளக்கப் பார்த்தா முனை போயிடும். குதத்தைச் சுத்தி வட்டமா அறுத்து உள்பக்கமா இழுத்துடலாம், இல்லைனா சின்ன ரம்பம் வச்சுக்கோங்க.

ஈரக்கை:
கொக்கி வேண்டாம் என்பது என் கருத்து. வயிற்றுத் தோலை ‘ஜிப்’ இறக்குவது போலத் திறக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் ரோமமும் கொழுப்பும் வளைவில் அடைத்துக்கொள்ளும். தட்டைக் கல்லில் தீட்ட முடியாது, உருண்டைக் குச்சிதான் வேண்டும். நுண்ணிய வேலைக்கு ஆள்காட்டி விரலை முதுகின் மேல் நீட்டி வைப்போமே, அந்த இடத்தையும் கொக்கி பிடுங்கிக்கொள்ளும். கொக்கி வேண்டுமென்றே இருந்தால் தனிக் கருவியாக வாங்குங்கள்.

அலகைவிடக் கைப்பிடியைக் கவனித்துப் பாருங்கள். கொழுப்புப் பட்ட கை முன்னால் வழுக்கி கூரில் ஏறுவதுதான் பெரிய ஆபத்து. விரல் தடுப்பு கட்டாயம். பளபளப்பான மரம் வேண்டாம். ரப்பர், அல்லது சொரசொரப்பான மைகார்ட்டா, ஜி10 (துணியையோ கண்ணாடி இழையையோ பிசினில் இறுக்கிச் செய்தவை) நல்லது. கத்தியை உறையோடு பிடித்து, கையில் சோப்பு நுரை பூசி, முனையை மேசையில் அழுத்திப் பாருங்கள். வழுக்கினால் அந்தக் கத்தி வேண்டாம். நிறம் ஆரஞ்சாக இருந்தால் சருகில் விழுந்தாலும் கண்டுபிடிக்கலாம்.

தோல் உறை ரத்தத்தையும் ஈரத்தையும் குடித்து வைத்துக்கொள்ளும். அதிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் அலகில் புள்ளிப் புள்ளியாகத் துரு. கைடெக்ஸ் அல்லது பிளாஸ்டிக் உறையைக் கழுவிவிடலாம்.

காட்டுவழி:
அப்போ 4 அங்குலம், ட்ராப் பாயின்ட், ரப்பர் பிடி. காட்டுக்கு எந்தக் கல் எடுத்துட்டுப் போகலாம்? இன்னொண்ணு, மான்களோட மூளையை அரிக்கிற சிடபிள்யூடி (CWD) நோய் இருக்கிற பகுதியில கத்தியைக் கொதிக்க வச்சா போதுமா?

உலைக்களம்:
சீராமிக் குச்சி போதும். ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி, ரெண்டு பக்கமும் நாலஞ்சு லேசான இழுப்பு. அழுத்தாதீங்க, பிசிர்தான் ஏறும்.

கொதிக்க வைக்கிறது பத்தாது. சிடபிள்யூடி பிரையானால, அதாவது உருமாறிப்போன புரதத்தால வர்றது. வெந்நீருக்கும் ஸ்பிரிட்டுக்கும் அசையாது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2019-ல வெளியிட்ட முடிவுப்படி, வீட்டு பிளீச் 40 சதவீதக் கரைசல்ல துருப்பிடிக்காத எஃகை 5 நிமிஷம் ஊற வச்சா போதும். ஆனா பிளீச் சதைத் துணுக்குக்குள்ள ஊடுருவாது, அதனால முதல்ல சோப்புப் போட்டு முழுசாத் தேய்ச்சுடணும். ஊறினதும் நல்லா அலசித் துடைச்சு, மினரல் ஆயில் ஒரு சொட்டு. 1095 மாதிரி கார்பன் எஃகை பிளீச் அரிச்சுடும், அந்தப் பகுதிக்கு 420எச்சி-யே எடுத்துக்கோங்க. தண்டுவடம், மூளைப் பக்கம் கத்தியே வைக்காதீங்க. தலையைப் பிரிச்சே ஆகணும்னா அதுக்குத் தனிக் கத்தி.