டொரோண்டோவில் முதல் இன்டர்வியூ: "நாங்கள்" வேண்டாம், "நான்" என்று சொல்லுங்கள்

ஸ்கார்பரோவுக்கு வந்த மூன்றாவது மாதம் எனக்கு முதல் இன்டர்வியூ. சென்னையில் ஒன்பது வருடம் பார்த்த அதே கணக்கு வேலைதான். கணக்கில் எதைக் கேட்டாலும் சொல்லிவிடலாம் என்று போனேன். கணக்கைப் பற்றி அதிகம் கேட்கவே இல்லை. "கூட வேலை செய்தவரோடு கருத்து வேறுபாடு வந்த ஒரு சமயத்தைச் சொல்லுங்கள்" என்றார்கள். "அப்படி எதுவும் வந்ததில்லை, நாங்கள் ஒரு குடும்பம் மாதிரி" என்றேன். அடுத்த கேள்விக்கும் "நாங்கள் செய்தோம்", "எங்கள் டீம் முடித்தது" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். இன்டர்வியூ எடுத்த அம்மையார், "அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று பொறுமையாகக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. வேலையும் வரவில்லை.

நம் பெருமையை நாமே பேசக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆனால் இங்கே யாரும் பெருமையைக் கேட்கவில்லை, நடந்ததைக் கேட்கிறார்கள். நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், கடைசியில் என்ன ஆனது, இந்த நாலும் பதிலில் இருக்க வேண்டும். 'ஸ்டார்' முறை என்பார்கள். "மாதக் கணக்கை முடிக்க பத்து நாள் ஆனது. வங்கிக் கணக்கை வாரா வாரம் சரிபார்க்க நான் ஏற்பாடு செய்தேன். ஆறு நாளில் முடிந்தது." இவ்வளவு போதும், இதில் பொய்யும் இல்லை, தற்பெருமையும் இல்லை.

உங்கள் பழைய வேலையிலிருந்து ஐந்தாறு சம்பவங்களை நோட்டில் எழுதுங்கள்: ஒரு சண்டை, நீங்கள் செய்த ஒரு தவறு, நேரம் போதாத ஒரு வேலை, கோபமாக வந்த ஒரு வாடிக்கையாளர், புதிதாகக் கற்ற ஒன்று. மனப்பாடம் வேண்டாம், ஒப்பிப்பது உடனே தெரிந்துவிடும். வாய்விட்டுச் சொல்லி போனில் பதிவு செய்து கேளுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் வெட்டுங்கள். கூட உட்கார்ந்து பயிற்சி தர ஆள் வேண்டுமென்றால் ஆக்செஸ் எம்ப்ளாய்மென்ட் போன்ற அமைப்புகள் புதிதாக வந்தவர்களுக்கு இலவசமாகவே உதவுகின்றன. கூச்சப்படாமல் போங்கள்.

ரெஸ்யூமேயில் போட்டோ, பிறந்த தேதி, திருமண விவரம், அப்பா பெயர் எதுவும் வேண்டாம். சம்பளம் கேட்டால் "எவ்வளவு கொடுத்தாலும் சரி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இங்கே பேசுவது வரிக்கு முந்தைய வருடச் சம்பளம். டொரோண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் சம்பள வரம்பைப் போட வேண்டும், 'கனடா அனுபவம் தேவை' என்று போடக் கூடாது. இன்டர்வியூ முடிந்தபின் 45 நாளுக்குள் முடிவு எடுத்தார்களா இல்லையா என்பதையும் சொல்ல வேண்டும். அப்புறம், வேலை தருவதற்கு முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் ஏமாற்றுக்காரர்தான்.

கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். "இல்லை" என்று எழுந்து வந்துவிடாதீர்கள். இரண்டாவது இன்டர்வியூவில் நான், "இந்த வேலைக்கு வருபவர் முதல் மூன்று மாதத்தில் எதை முடித்துக்காட்ட வேண்டும்?" என்று கேட்டேன். மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கால் மணி நேரம் விளக்கிச் சொன்னார். அடுத்த வாரம் போன் வந்தது.