போர்ஷே 914: ஷிஃப்ட் ராடு புஷ் உட்காரும் ஓட்டை தேய்ந்து முட்டை வடிவம் ஆகிவிட்டது. எப்படிச் சரி செய்வது?

ரெண்டுக்குபதில்ரிவர்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1973 மாடல் 914, 2.0 இன்ஜின், பக்கவாட்டில் கியர் மாறுகிற கியர்பாக்ஸ். லிவரைப் பிடிச்சா சேத்துல நட்ட குச்சி மாதிரி நாலா பக்கமும் ஆடுது.

இந்த வண்டி ஓட்டாதவங்களுக்காகச் சொல்றேன். இதுல முதல் கியர் இடப்பக்கம் பின்னால. அதுக்கு நேர் எதிரே, முன்னால ரிவர்ஸ். ஒண்ணுலேர்ந்து ரெண்டுக்குப் போகணும்னா முன்னால தள்ளும்போதே கொஞ்சம் வலப்பக்கம் ஒதுக்கணும். அந்தக் 'கொஞ்சம்' என் வண்டியில எங்க இருக்குன்னே இப்பத் தெரியலை. போன வாரம் சிக்னல்ல கிளம்பி ரெண்டாவதுன்னு நெனச்சுத் தள்ளினேன். கறகறன்னு ஒரு சத்தம், உள்ளங்கை வரைக்கும் அதிர்ந்துது. என் பேருக்குக் காரணம் அதுதான்.

வண்டியைத் தூக்கி அடியில படுத்துப் பார்த்தேன். சீட்டுக்குப் பின்னாடி இருக்கிற தடுப்புச் சுவர்ல, லிவரோட அசைவைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டு போற ஷிஃப்ட் ராடு வெளியே வர்ற இடத்துல, அதைத் தாங்குற வளையமான புஷ்ஷே இல்லை. எத்தனை வருஷமா வெறும் ராடு தகட்டுல உரசிச்சோ, ஓட்டை கீழ்ப்பக்கமா இழுத்து முட்டை மாதிரி ஆகியிருக்கு. மேலும் கீழும் அளந்தா, குறுக்கே இருக்கிறதை விட 4 மி.மீ. கூடுதல். புது புஷ் வாங்கி மாட்டினேன். மேல கவ்வுது, கீழ கவ்வத் தகடு இல்லை. ரெண்டாம் நாளே பிதுங்கி வெளியே வந்துடுச்சு. அப்புறம் ஒரு பெரிய வாஷரை எபாக்சி போட்டு ஒட்டினேன் (சிரிக்காதீங்க). பதினோரு நாள் தாங்குச்சு.

வெல்டிங் வெக்கலாமா? வெச்சா ஓட்டையோட மையம் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இன்ஜினை இறக்கணுமா?

ஆயில்அண்ணன்:

முதல்ல கியர் ஆயிலை மாத்துங்க. பாதி பேருக்கு அதுலயே சரியாயிடும். இல்லேன்னா சிங்க்ரோ (கியர் உரசாம சேர உதவுற வளையம்) போயிருக்கும், கியர்பாக்ஸைப் பிரிக்கணும்.

லேத்துப்பட்டறை:

ஆயில் மாத்தினா ஓட்டை வட்டமாகுமா அண்ணே? அவர் கண்ணால பார்த்துட்டு வந்து சொல்றார். கியர்பாக்ஸை இப்போதைக்கு யாரும் தொட வேண்டாம்.

தம்பி, முதல்ல ஒரு சோதனை. ஒருத்தரை உள்ளே உட்கார வெச்சு, நியூட்ரல்ல லிவரை இடமும் வலமும் ஆட்டச் சொல்லு. நீ அடியில படுத்து ராடு சுவரைத் தாண்டுற இடத்துல விரலை வை. இந்த ராடு ரெண்டு வேலை பார்க்குது. முன்னும் பின்னும் போறது கியர் போட, உருள்றது வரிசையைத் தேர்ந்தெடுக்க. உன் வண்டியில உருள வேண்டிய நேரத்துல ராடு மொத்தமா பக்கவாட்டுல நகரும் பார். லிவர் கொடுக்கிற அசைவை ஓட்டையே தின்னுடுது, கியர்பாக்ஸுக்கு மிச்சம்தான் போய்ச் சேருது. ரிவர்ஸ் விழுறது அதனாலதான்.

மையம் கண்டுபிடிக்கிறதுதான் இதுல முழு வேலையும். மத்ததெல்லாம் அரை மணி நேரம். தேய்ஞ்சது கீழே மட்டும்தானே, மேல் வளைவு கம்பெனி போட்டபடியே இருக்கும். அதை நம்பு. புது புஷ்ஷைச் சுத்தித் தகட்டு விளிம்பைக் கவ்வுற பள்ளம் இருக்குல்ல, அந்தப் பள்ளத்துல விட்டம் எவ்வளவுன்னு வெர்னியர்ல அள. அதே விட்டத்துக்கு அலுமினியத்துல ஒரு வட்டத்தகடு கடைஞ்சுக்கோ, நடுவுல ஒரு சின்னத் துளையோட. அதை ஓட்டைக்குள்ள விட்டு மேல் வளைவோட அழுத்து. பின்னாடி டார்ச் அடி. மேல் பாதியில வெளிச்சம் கசியலேன்னா அதுதான் பழைய வட்டம், நடுத்துளைதான் மையம். அது வழியா நெட்டையும் குறுக்கையும் கோடு கீறு. கோடு நீளமா இருக்கணும், நீ வெக்கப் போற ஒட்டுத்தகடு மூடாத தூரம் வரைக்கும். பாதிப் பேர் இதுல கோட்டை விடுவாங்க. கோட்டை மறைச்சுட்டு அப்புறம் கண்ணளவுல வெப்பாங்க.

இன்னொண்ணு, உன் வாஷர் ஏன் விழுந்துச்சு தெரியுமா? எபாக்சி மேல பழி போடாதே. புஷ்ஷோட பள்ளம் ஒரே ஒரு தகட்டுக் கனத்துக்குத்தான் செஞ்சது. தடிச்ச வாஷரை வெச்சா அது கவ்வவே கவ்வாது, சும்மா தொத்திக்கிட்டு இருக்கும். அதனால ஒட்டுத்தகட்டோட கனம் பள்ளத்தோட அகலத்துக்குச் சரியா இருக்கணும். அதுல நீ அளந்த விட்டத்துக்கே ஓட்டை கடைஞ்சு, கீறின கோடுகளோட மையத்துக்கு நேரா வை. பழைய ஓட்டையைச் சுத்தி 10 மி.மீ. பெருசா வெட்டிடு. அப்பத்தான் புஷ் ஒட்டுத்தகட்டை மட்டும் கவ்வும். ஒட்டுத்தகடு பழைய தகட்டுக்குப் பின்னாடி உட்காரும். ஒரு தகட்டுக் கனம் பின்னால போறதால ஒண்ணும் கெடாது, ராடு அதுக்குள்ள வழுக்கித்தானே போகுது.

வெல்டிங்ல கோடு இழுக்காதே. எதிரும் புதிருமா நாலு புள்ளி, ஆற விடு, அப்புறம் இன்னும் நாலு. ஒரே மூச்சுல போட்டா தகடு நெளிஞ்சு, கஷ்டப்பட்டுக் கடைஞ்ச வட்டம் திரும்பவும் முட்டை ஆயிடும். முழுசா ஆறின பிறகு ஓட்டையோட விளிம்பை அரத்தால ஒரு சுத்து மழுக்கு. இல்லேன்னா புது புஷ்ஷை அதுவே சீவிடும்.

இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. சுவருக்குப் பின்னாடி கியர்பாக்ஸுக்குப் போற பின் ராடைக் கழட்டிட்டா அடியிலேர்ந்து கை போகும். தோள்பட்டை வலிக்கும், அவ்வளவுதான்.

டனல்ராணி:

லேத்து அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆனா ஒண்ணை விட்டுட்டார், அது உயிர் போற விஷயம். 914-ல பெட்ரோல் டேங்க் முன்னாடி, இன்ஜின் நடுவுல. பெட்ரோல் குழாய்கள் டனல் (வண்டி நடுவுல நீளவாக்குல ஓடுற தகட்டுக் கூடு) வழியாத்தான் வந்து இதே சுவரைத் தாண்டுது. கம்பெனியில போட்டது பிளாஸ்டிக் குழாய், அரை நூற்றாண்டு வயசு. அது உள்ளே இருக்கும்போது அந்தச் சுவர்ல வெல்டிங் பொறி விழக்கூடாது. குழாயை முழுசா வெளியே எடுத்துட்டு வேலை பாருங்க. திரும்ப மாட்டும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் போடுங்க.

பேட்டரியைக் கழட்டணும், ஆல்டர்னேட்டர் இணைப்பையும் எடுக்கணும். உங்க 2.0-ல டி-ஜெட்ரானிக்ங்கிற எலக்ட்ரானிக் பெட்ரோல் இன்ஜெக்ஷன், அதோட கம்ப்யூட்டர் பெட்டி இன்ஜின் அறையிலேயே இருக்கு. சாக்கெட்டைப் பிடுங்காம வெல்டிங் வெக்காதீங்க. பேட்டரி தட்டுக்குக் கீழே துரு எவ்வளவுன்னும் ஒரு தடவை எட்டிப் பாருங்க. அந்த மூலைக்கு 914-காரங்க 'நரகக் குழி'ன்னு பேரே வெச்சிருக்காங்க.

அங்கே படுத்திருக்கும்போதே கிளட்ச் குழாயையும் பாருங்க. கேபிள் போற அந்தக் குழாய் டனலுக்குள்ள சின்னச் சின்ன வெல்டுல நிக்குது, இந்த வண்டியில அது விட்டுப் போறது சகஜம். யாரையாவது கிளட்ச்சை மிதிக்கச் சொல்லுங்க. சுவர் பக்கம் குழாயோட நுனி அசைஞ்சா அதுக்கும் சேர்த்து இப்பவே வைத்தியம் பாருங்க. குழாய் விட்டா கிளட்ச் முழுசா விடுபடாது, அப்பவும் கியர் கறகறன்னுதான் விழும். நீங்க இந்த ஓட்டையைத் திட்டிக்கிட்டே இருப்பீங்க.

வெல்டிங்குக்கு மனசு வரலேன்னா உலோகத் தகடு ஒட்டுற பசையும் ரிவெட்டும் போதும். அங்கே பெரிய பாரம் எதுவும் வர்றதில்லை.

ரெண்டுக்குபதில்ரிவர்ஸ்:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

டனல்ராணி அக்காவுக்கு முதல் கும்பிடு. பெட்ரோல் குழாயை வெளியே இழுத்து லேசா வளைச்சுப் பார்த்தேன். பொடக்குன்னு காய்ஞ்ச ஈர்க்குச்சி மாதிரி உடைஞ்சுது. கையில ரெண்டு துண்டு. அதோடதான் ரெண்டு வருஷமா ஓட்டியிருக்கேன். கொஞ்ச நேரம் வண்டிக்கு அடியிலயே சும்மா படுத்திருந்தேன். இப்போ ஸ்டீல் குழாய் போட்டாச்சு. கிளட்ச் குழாய் நல்லா இருக்கு, நூல் அளவு கூட அசையலை.

வட்டத்தகடு டெக்னிக் அற்புதம் அண்ணே. டார்ச் அடிச்சப்ப மேல இடது மூலையில மட்டும் மெல்லிய வெளிச்சம். என்னடான்னு பார்த்தா பழைய பெயிண்ட் கட்டி. சுரண்டினதும் இருட்டு. மையம் நான் கண்ணால குறிச்சு வெச்சிருந்த இடத்துக்கு 2 மி.மீ. மேல இருந்துச்சு. என் இஷ்டத்துக்கு வெச்சிருந்தா அவ்வளவும் தப்பா போயிருக்கும். எட்டுப் புள்ளி வெல்டு, அவசரப்படாம வெச்சேன். புஷ் உள்ளே போகும்போது 'டொக்'னு ஒரு சத்தம். ஆகா!

ரெண்டு ராடையும் பிணைக்கிற கூம்பு ஸ்க்ரூவைக் கழட்டினப்ப அதோட முனை மொட்டையா இருந்துச்சு, ராடுல அது உட்கார்ற குழியும் அகண்டு போயிருந்துச்சு. புது ஸ்க்ரூ போட்டு, தளராம இருக்கக் கம்பியால கட்டியாச்சு. ஆட்டத்துல பாதி அதுலேர்ந்துதான் வந்திருக்கும்னு தோணுது.

எல்லாம் மாட்டினதும் அஞ்சாவது விழலை. கிளாம்ப்பைத் தளர்த்தி, ராடை ஒரு மயிரிழை திருப்பி, இன்ஜினை அணைச்சு வெச்சே ஆறு இடத்தையும் பத்துத் தடவை போட்டுப் பார்த்தேன். நாலாவது முயற்சியில எல்லாம் விழுந்துச்சு. அப்புறம்தான் தெருவுக்குப் போனேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, தடுமாற்றமே இல்லை.

ஆயில் அண்ணே, கோவிச்சுக்காதீங்க. காலையில வண்டி குளிர்ந்திருக்கும்போது ரெண்டாவது மட்டும் இன்னும் லேசா முனகுது. அதுக்குத் தனியா ஒரு கேள்வி போடறேன், வந்து பதில் சொல்லுங்க.