மாசியில் இலங்கைக்கு சர்ஃபிங் போகிறோம்: அறுகம் குடாவா, வெலிகமவா?

மாயூரத்தான்:

வணக்கம். சம்பா அறுப்பு முடிந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டால் மாசியில் பத்து நாள் கையில் இருக்கும். வயலில் உளுந்து மட்டும்தான் நிற்கும், அதை அப்பா பார்த்துக்கொள்வார். அந்தப் பத்து நாளில் நானும் என் மாமா மகனும் இலங்கைக்குப் போய் சர்ஃபிங் செய்வது என்று முடிவு செய்திருக்கிறோம்.

நான் சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில் இரண்டு தடவையாக மொத்தம் ஏழு நாள் கற்றுக்கொண்டேன். உடைந்து நுரையாக வரும் அலையில் எழுந்து நிற்பேன், நேராகக் கரைக்கு வருவேன், அவ்வளவுதான். அவன் புதுச்சேரியில் வேலை பார்க்கிறான், இரண்டு வருடமாக வாராவாரம் கடலில் இருக்கிறான். உடையாத அலையைப் பிடித்து அதன் பக்கவாட்டில் ஓடுவான். இடது கால் முன்னால் வைத்து நிற்பவன், அதனால் வலது பக்கம் போகும் அலை நன்றாக வரும், இடது பக்கம் என்றால் தடுமாறுகிறான்.

எங்கே தேடினாலும் அறுகம் குடா என்றுதான் வருகிறது, பத்து நாளும் அங்கேயே தங்கலாம் என்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே இடம் சரிவருமா? பலகையை இங்கிருந்து கொண்டுபோக வேண்டுமா? நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போனால் என்ன? இன்னொன்று, 2004க்குப் பிறகு அம்மாவுக்குக் கடல் என்றாலே பயம். நான் நீச்சல் கற்றதே குளத்தில்தான். அவரிடம் தைரியமாகச் சொல்லிவிட்டுப் போகிற மாதிரி ஓர் இடம் வேண்டும்.

நாகை வாடைக்காற்று:

தம்பி, மாசியில் அறுகம் குடா வேண்டாம். இடம் அருமையான இடம்தான், ஆனால் நீங்கள் சொல்கிற மாதம் தப்பு.

இலங்கையில் ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கரையைச் சொல்வது காற்று. நம் கரையில் மீன்பிடிக்கிறவர்கள் கச்சான், வாடை என்று பிரித்து வைத்திருக்கிறார்களே, அதே கணக்குதான் அங்கேயும். சர்ஃபிங் செய்கிற அலை பக்கத்துக் காற்றில் பிறப்பது இல்லை, தெற்கே வெகு தூரத்தில், அண்டார்டிகா பக்கத்துப் புயல்களில் கிளம்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வருகிறது. உள்ளூர்க் காற்று அதைச் சீராக்கும் அல்லது கெடுக்கும். காற்று தரையிலிருந்து கடல் பக்கம் வீசினால் அலையின் முகத்தில் எதிர்த்து அடித்து அதை நிமிர்த்தி வைக்கும், கடலிலிருந்து தரைக்கு வீசினால் கலைத்துப்போடும். கச்சான் தென்மேற்கிலிருந்து வருகிற காற்று, அது கிழக்குக் கரையான அறுகம் குடாவுக்குத் தரைக்காற்று. அதனால் அங்கே மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம், அப்போது தென்மேற்குக் கரை கொந்தளித்துக் கிடக்கும். வாடை பிறந்ததும் தலைகீழாகிவிடும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை காலி, வெலிகம, மாத்தறை பக்கம் கடல் அடங்கி, காலையில் கண்ணாடி மாதிரி இருக்கும். உங்கள் மாசி இதற்குள் கச்சிதமாக விழுகிறது.

நாகையிலேயே ஏன் இந்த அலை இல்லை என்று என்னிடம் பையன்கள் கேட்பார்கள். தெற்கிலிருந்து வருகிற அலைக்குக் குறுக்கே அந்தத் தீவேதான் நிற்கிறது, கோடியக்கரைக்குத் தெற்கே பாக் நீரிணையில் ஆழமும் கிடையாது.

கப்பல்: 2023 அக்டோபரில் அது தொடங்கிய நாளிலிருந்து எனக்கு அதன் மேல் தனிப் பாசம். யாழ்ப்பாணம் பார்க்கப் போகிறவர்கள் கட்டாயம் அதில் போங்கள். ஆனால் அது இறக்கிவிடுவது தீவின் வடக்குமுனை, உங்களுக்கு வேண்டியது தெற்குமுனை. பத்து நாளில் போக வர மூன்று நாள் வழியிலேயே போய்விடும். திருச்சியிலிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேர விமானம், அங்கிருந்து மாத்தறை போகிற ரயிலில் கடலை ஒட்டியே வெலிகம. அதுதான் சரி.

கொள்ளிடக்கரை:

அண்ணன் கரையைச் சொல்லிவிட்டார், நான் இடங்களைச் சொல்கிறேன். நானும் தங்கையும் இரண்டு தடவை போனோம், அவள் அப்போது உங்கள் நிலையில்தான் இருந்தாள்.

உங்களுக்கு வெலிகம. அகலமான வளைகுடா, நடுவில் அடித்தளம் முழுக்க மணல், இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே அலை பிடிக்கலாம், விழுந்தாலும் மணலில்தான். கற்றுக்கொடுக்கிறவர்களும் வாடகைப் பலகையும் கரை முழுக்கக் கிடைக்கும், எனவே இங்கிருந்து பலகை தூக்கிக்கொண்டு போகாதீர்கள், விமானத்தில் அதற்குத் தனிக் கட்டணம் வேறு. எட்டு அல்லது ஒன்பது அடி மென்பலகை எடுங்கள். சின்னப் பலகை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இந்தக் கட்டத்தில் அதில் நீங்கள் பிடிக்கிற அலை பாதியாகக் குறைந்துவிடும். வெலிகமவில் ஒரே கஷ்டம் கூட்டம். காலை ஆறரைக்குத் தண்ணீரில் இருங்கள், ஒன்பது மணிக்கு மேல் பலகைக்குப் பலகை முட்டும். அலை பயமில்லை, அடுத்தவர் பலகைதான் பயம். விழுந்து எழும்போது கையால் தலையை மூடிக்கொண்டு எழுவதை முதல் நாளே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மாமா மகனுக்கு அங்கிருந்து சில கிலோமீட்டரில் மிதிகம. அங்கே அலை பாரின் மேல், அதாவது கடலடிப் பாறைத்திட்டின் மேல் உடையும். மணலில் மேடு அடிக்கடி இடம் மாறும், அதனால் அலையும் மாறும். பார் நகராது, ஆகவே அலை ஒரே இடத்தில் ஒரே மாதிரி உடையும், முன்னேற நினைக்கிறவர்களுக்கு அதுதான் வசதி. லேசி லெஃப்ட் என்று ஒன்று, பெயருக்கேற்ற மாதிரி நிதானமாக இடது பக்கம் ஓடும். அலைக்கு முதுகு காட்டி நிற்கிற பழக்கம் அவருக்கு அங்கேதான் வரும், தடுமாறுகிறார் என்பதற்காகவே அங்கே போகச் சொல்லுங்கள். பக்கத்திலேயே லேசி ரைட். ஆனால் ராம்ஸ் என்கிற இடத்துக்கு இந்தத் தடவை வேண்டாம். அது வேகமாகக் குழாய் மாதிரி சுருண்டு விழும், கீழே பார் மிக அருகில்.

பாரில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். மிதிகமவில் அலை முடிந்ததும் பலகையிலிருந்து குதித்துக் காலை ஊன்றினேன். கறுப்பாக முள் நீட்டிக்கொண்டிருக்கும் கடல் முள்ளெலி ஒன்று பாரின் இடுக்கில் இருந்திருக்கிறது, குதிகாலில் ஆறேழு முள், மூன்று நாள் தண்ணீருக்குள் இறங்கவே இல்லை. பாரில் குதிக்காதீர்கள், தட்டையாகப் படுத்தவாறு விழுங்கள்.

கடைசி இரண்டு மூன்று நாள் இருவரும் சேர்ந்து திக்வெல்லை பக்கம் ஹிரிகெட்டிய போங்கள். குதிரை லாட வடிவில் சின்னக் குடா. உள்ளே கரையோரம் நுரை அலை உங்களுக்கு, இடது பக்கத்துப் பாறை முனையிலிருந்து நீளமாக வருவது அவருக்கு. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அம்மாவிடம் சொல்வதற்கும் நன்றாக இருக்கும்.

குடந்தை மருமகன்:

என் மனைவி மட்டக்களப்பு, அதனால் அறுகம் குடாவை இப்படி விட்டுவிட மனம் வரவில்லை. மாசியில் வேண்டாம் என்பது சரிதான். ஆனால் எப்போதாவது கச்சான் காலத்தில் போக வாய்த்தால், அங்கேயும் இரண்டு பேருக்கும் இடம் உண்டு. மெயின் பாயிண்ட் முனையில் அலை வலது பக்கம் உருண்டு நல்ல நாளில் நூற்றுக்கணக்கான மீட்டர் போகும், கூட்டமும் வேகமும் அதிகம், உங்கள் மாமா மகன்கூட முதல் நாள் கரையில் நின்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். உள்ளே பேபி பாயிண்ட் புதியவர்களுக்கு. வடக்கே விஸ்கி பாயிண்ட், தெற்கே பீனட் ஃபார்ம், இரண்டும் நடுத்தரக்காரர்களுக்கு நல்ல இடங்கள். எல்லாமே வலது பக்க அலை, அவர் நிற்கிற விதத்துக்குத் தோதானவை.

அறுகம் குடாவை ஒட்டிய பொத்துவில் ஊரில் தமிழிலேயே பேசலாம், அது ஒரு பெரிய நிம்மதி. தெற்கே குமணப் பக்கம் போனால் உகந்தை முருகன் கோயில், ஆடியில் கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் அங்கே தங்கித்தான் காட்டுக்குள் இறங்குவார்கள். கோயிலை ஒட்டிய கடலிலும் அலை உண்டு, காலையில் கடல், அப்புறம் குளித்துவிட்டு சாமி கும்பிட்டேன், அந்த நாளை மறக்க முடியாது. ஒரே எச்சரிக்கை: அந்தப் பக்கத்துக் களப்புகளில், அதாவது கடலோர உப்பங்கழிகளில் முதலை உண்டு, 2017இல் ஒருவர் இறந்தார். களப்பு கடலில் சேரும் இடத்தில் கை கால் கழுவக்கூட இறங்காதீர்கள். பாணமை சாலையில் இருட்டினால் யானை வரும்.

நாகை வாடைக்காற்று:

மாயூரத்தான் தம்பிக்கு இன்னொன்று. குளத்தில் கற்ற நீச்சல் போதும் என்று நினைக்காதீர்கள், கடலில் நீவாடு என்று ஒன்று இருக்கிறது. கரையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள், இரண்டு பக்கமும் அலை உடைந்து நடுவில் ஒரு கோட்டில் மட்டும் உடையாமல் அமைதியாகத் தெரியும். தெரியாதவர்கள் அங்கேதான் இறங்குவார்கள், கரைக்கு வந்த தண்ணீர் திரும்பி உள்ளே ஓடுகிற வழி அது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி முட்டி மோதாதீர்கள், பலகையை விடாமல் பக்கவாட்டில் நகர்ந்து அலை உடைகிற இடத்துக்கு வாருங்கள், அலையே கொண்டுவந்து சேர்க்கும். காலில் கட்டும் கயிற்றை வாடகைக்கு எடுக்கும்போதே இழுத்துப் பாருங்கள்.

மாயூரத்தான்:

எல்லோருக்கும் நன்றி. மாமா மகனுக்கு அனுப்பினேன், லேசி லெஃப்ட் பற்றிப் படித்ததும் அறுகம் குடாவை விட்டுவிட்டான். ஏழு நாள் வெலிகமவில் அறை, அவன் காலையில் ஆட்டோவில் மிதிகம போய்வருவான், கடைசி மூன்று நாள் ஹிரிகெட்டிய. ஆனி ஆடியில் மேட்டூர்த் தண்ணீர் வந்து குறுவை நடவு ஓடும், அதனால் அறுகம் குடா எனக்கு எப்போது வாய்க்கும் என்று தெரியவில்லை. உகந்தை பற்றி அம்மாவிடம் சொன்னேன். போனால் அவரும் வருகிறாராம்.

கொள்ளிடக்கரை:

கூட்டிக்கொண்டு போங்கள். முழுக்கைச் சட்டை ஒன்று வாங்கிவிடுங்கள், வெயிலும் பலகையும் சேர்ந்து இரண்டாம் நாளே நெஞ்சுத் தோலை உரித்துவிடும்.