டிரைவரில் பிடித்த பந்து புட்டரில் பிடிக்கவில்லை: எந்த உணர்வை நம்புவது?

பின்னொன்பது:

வணக்கம் நண்பர்களே. நான்கு வருடமாக கோல்ஃப் விளையாடுகிறேன், ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறைவாக இருந்தால் நல்லது) 19. இதுவரை பந்தைப் பற்றி யோசித்ததே இல்லை. ரஃபில் (ஓரத்து உயரப் புல்லில்) கண்டெடுத்தது, பரிசாக வந்தது, கூட ஆடியவர் கொடுத்தது என்று பையில் எது கைக்கு வருகிறதோ அதை டீயில் (முதல் அடி அடிக்கும் இடத்தில்) வைப்பேன். போன மாதம் நடந்த ஒரு விஷயம்தான் இந்தக் கேள்விக்குக் காரணம்.

ஒரே ரவுண்டில், 7-ஆம் குழியிலும் 12-ஆம் குழியிலும், கிட்டத்தட்ட ஒரே மாதிரி சிப் (கிரீனுக்குப் பக்கத்திலிருந்து அடிக்கும் சின்ன அடி) வந்தது. கொடிக்கு 25 யார்டு, 56 டிகிரி வெட்ஜ் (முகம் நன்றாகச் சாய்ந்த மட்டை). முதல் பந்து இரண்டு முறை குதித்து, கொடிக்கு ஆறடி தள்ளி நின்றது. அடுத்ததையும் அதே மாதிரிதான் அடித்தேன். அது நிற்காமல் உருண்டு கிரீனின் (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரை) மறுபக்கம் இறங்கிவிட்டது. எடுத்துப் பார்த்தால் வேறு பந்து. நடுவில் 9-ஆம் குழியில் முதல் பந்தைத் தண்ணீரில் விட்டிருந்தேன்.

சரி, இனிமேல் ஒரே பந்து என்று முடிவு செய்தேன். என் டிரைவர் (டீயிலிருந்து தூரமாக அடிக்கும் மட்டை) வேகம் மணிக்கு 88 மைல். "மெதுவாக ஸ்விங் செய்பவருக்கு மென்மையான பந்துதான்" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, கம்ப்ரெஷன் (கெட்டித்தன்மையைக் காட்டும் எண்) குறைந்த இரண்டு அடுக்குப் பந்து ஒன்றை மூன்று வாரம் ஆடினேன். டிரைவரில் அருமை, கையில் அதிர்வே இல்லை. ஆனால் புட்டரில் (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் மட்டை) பட்டால் 'தொப்' என்று உயிரே இல்லாத சத்தம். பாதி புட் குழிக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. பிறகு நண்பர் புரோ வி1 என்ற பந்து ஒன்றைக் கொடுத்தார். புட்டரில் 'க்ளிக்' என்று பட்டது, தூரமும் சரியாக வந்தது. டிரைவரிலோ கல்லை அடித்த மாதிரி இருந்தது. கையில் வைத்துப் பார்த்தாலும் அதுதான் கனமாகத் தெரிகிறது.

இரண்டு உணர்வில் எதை நம்புவது? பெட்டியைப் பார்த்தால் எல்லாப் பந்தும் 'சாஃப்ட்' என்றுதான் சொல்கிறது.

வெட்ஜ்காரர்:

உங்கள் 7-ஆம் குழிக்கும் 12-ஆம் குழிக்கும் வித்தியாசம் அநேகமாக மேலுறையில்தான். புரோ வி1, இசட்-ஸ்டார், டிபி5 போன்ற பந்துகளுக்கு யூரித்தேன் என்ற மென்மையான பிளாஸ்டிக் உறை. சூப்பர்சாஃப்ட், சாஃப்ட் ஃபீல் போன்ற பந்துகளுக்கு ஐயனோமர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறை. வெட்ஜின் பள்ளங்கள் யூரித்தேனைக் கவ்விப் பிடிக்கும். ஐயனோமர் முகத்தில் வழுக்கிக்கொண்டு ஏறும். அதனால் பந்து கொஞ்சம் உயரமாகக் கிளம்பும், ஸ்பின் குறையும், விழுந்த பிறகு உருண்டுகொண்டே போகும். உறை வேறு, உள்ளே இருக்கும் கருவின் மென்மை வேறு. பெட்டியில் 'சாஃப்ட்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் கருவைப் பற்றித்தான்.

மணல்குழி:

தம்பி, நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. நான் 35 வருடமாக ஆடுகிறேன், இப்போது ஹேண்டிகேப் 11. இந்த 'உணர்வு' என்ற சொல்லோடு நிறைய நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கனம். விதிப்படி பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. தயாரிப்பாளர்கள் எல்லோரும் அந்த வரம்பை ஒட்டியேதான் செய்கிறார்கள். நான் ஒரு நாள் பையில் இருந்த பன்னிரண்டு பந்தையும் சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன். அதிகபட்ச வித்தியாசம் அரை கிராம்கூட இல்லை. அதை உள்ளங்கை கண்டுபிடிக்காது. கெட்டியான சத்தம் கேட்டதும் அது கனமான பந்து என்று மனசு எழுதி வைத்துக்கொள்கிறது.

சத்தம் என்றேன், விஷயமே அதுதான். நாம் 'ஃபீல்' என்று சொல்வதில் பெரும்பங்கு காதில் இருக்கிறது. டிரைவர் முகத்தில் பந்து ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியில் சுமார் 2000-இல் ஒரு பங்கு. அந்த அதிர்வு கைப்பிடி வழியாக வந்து, நரம்பில் ஏறி, நமக்குத் தெரிவதற்குள் பந்து ஒரு மீட்டருக்கு மேல் போயிருக்கும். அடிக்கும்போதே உணர்ந்து எதையும் சரிசெய்ய யாராலும் முடியாது. உணர்வு நமக்குக் கொடுப்பது நடந்து முடிந்ததைப் பற்றிய தகவல்.

அந்தத் தகவல் எங்கே பயன்படும்? புட்டிலும் சிப்பிலும். அங்கே நாம் தூரத்தைக் கற்றுக்கொள்வதே, இவ்வளவு சத்தத்துக்கு இவ்வளவு தூரம் என்ற கணக்கில்தான். உங்கள் மென்மையான பந்து 'தொப்' என்றதும், மெதுவாக அடித்துவிட்டோமா என்று குழப்பம் வருகிறது. அல்லது அந்தப் பந்து நிஜமாகவே உங்கள் புட்டரில் கொஞ்சம் மெதுவாகக் கிளம்பலாம். எதுவானாலும் குழப்பம் குழப்பம்தான். ஆகவே புட்டர் சொல்வதை நம்புங்கள். டிரைவரில் கிடைக்கும் உணர்வு அவ்வளவு முக்கியம் இல்லை. ஒரு ரவுண்டில் அதை 14 முறைக்கு மேல் எடுக்க மாட்டீர்கள், அதுவும் அடித்துவிட்டு நடக்கப் போகிறீர்கள்.

அப்புறம், 88 மைல் வேகத்துக்குக் கெட்டிப் பந்து நசுங்காது என்பது பழைய பேச்சு. நீங்கள் முழுதாக அடிக்கும் எந்தப் பந்தும் நசுங்கத்தான் செய்யும். மென்மையானது கூடுதலாக நசுங்கும், அவ்வளவுதான். கம்ப்ரெஷன் எண் 40-க்குப் பக்கத்தில் இருக்கும் பந்தும் 90-க்குப் பக்கத்தில் இருக்கும் பந்தும் உங்கள் வேகத்தில் டிரைவர் தூரத்தில் பெரிய வித்தியாசம் காட்டாது. வேகமாக அடிப்பவருக்கு மிக மென்மையான பந்து கொஞ்சம் வேகத்தைத் தின்றுவிடும் என்பதும் உண்மை. இந்த எண்ணும் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஒரு நிறுவனத்தின் 70-ஐ இன்னொரு நிறுவனத்தின் 70-உடன் ஒப்பிட முடியாது.

நான் ஆட ஆரம்பித்தபோது பலாட்டா என்ற மென்மையான ரப்பர் உறை போட்ட பந்துகள் இருந்தன. உள்ளே ரப்பர் நூலை இழுத்துச் சுற்றியிருப்பார்கள். எண் கறுப்பில் இருந்தால் கம்ப்ரெஷன் 100, சிவப்பில் இருந்தால் 90 என்று பேசிக்கொள்வோம். வெட்ஜில் அந்தப் பந்து கொடுத்த சுகத்தை இன்றும் கை மறக்கவில்லை. ஆனால் அயர்ன் மட்டையின் விளிம்பு ஒரு முறை பட்டால் போதும், வாய் பிளந்துவிடும், மூன்று குழிக்கு ஒரு பந்து போகும். சர்லின் (ஐயனோமர் வகை) உறைப் பந்து வெட்டுப்படாது, ஆனால் கிரீனில் நிற்காது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்ற நிலை. 2000 அக்டோபரில் லாஸ் வேகஸ் போட்டியில் புரோ வி1 வந்தது. கெட்டியான கரு, மேலே மெல்லிய யூரித்தேன். ஒரே வாரத்தில் 47 வீரர்கள் அதற்கு மாறினார்கள். நூல் சுற்றிய பந்து அதற்குப் பிறகு வேகமாக மறைந்தது. அன்று தொழில்முறை ஆட்டக்காரர்கள் பார்த்ததும் இதைத்தான்: டீயிலிருந்து போதுமான தூரம், கிரீனைச் சுற்றிப் பிடிப்பு.

இனி, தேர்ந்தெடுக்கும் விதம். கிரீனில் தொடங்கிப் பின்னோக்கி டீக்கு வாருங்கள். மூன்று வகையில் ஒவ்வொன்றிலும் மூன்று புதிய பந்து எடுத்துக்கொள்ளுங்கள். பந்தின் பெயரைக் கறுப்பு மார்க்கரால் அடித்து மறைத்து, ஒரு நண்பரை அடியில் சிறிய குறி போடச் சொல்லுங்கள். எது எது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. பெயர் தெரிந்துவிட்டால் உணர்வு பாதி கெட்டுவிடும். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். 20 அடி புட், 25 யார்டு சிப், 40 யார்டு பிட்ச் (உயரத் தூக்கி அடிப்பது), பிறகு 8 அயர்ன். டிரைவர் கடைசியில். சிப்பில் பந்து விழுந்த இடத்திலிருந்து எத்தனை காலடி தூரம் உருண்டது என்று எண்ணுங்கள். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் வெட்ஜ் முகத்தைத் துடைத்து உலர வைத்துக்கொள்ளுங்கள். ஈரமோ புல்லோ நடுவில் வந்தால் யூரித்தேனும் வழுக்கும், சோதனை வீண்.

இன்னொன்று, நன்றாக அடித்த அடியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 19 ஹேண்டிகேப்பில் சரியாகப் படாத அடிதான் அதிகம். அவற்றில் எந்தப் பந்து குறைவாகத் தண்டிக்கிறது என்றும் பாருங்கள்.

காலைப்பனி:

மணல்குழி ஐயா சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடுதான், ஆனால் ஒரு இடத்தில் இல்லை. என் ஹேண்டிகேப் 27. ஒரு ரவுண்டில் நான்கு பந்தாவது தொலைந்துவிடும். எனக்கு யூரித்தேன் பந்து கையில் இருந்தால் தண்ணீருக்கு மேல் அடிக்கவே பயம், பந்து போய்விடுமே என்று கை இறுகிவிடுகிறது. அந்த இறுக்கம் தரும் கெடுதலை எந்த ஸ்பின்னும் ஈடுகட்டாது. ஐயனோமர் உறைப் பந்திலேயே ஒரே மாதிரியாகப் பிடித்துக்கொண்டு, சிப் எப்படியும் உருளும் என்று தெரிந்து, முன்னாடியே விழவைக்கப் பழகிவிட்டேன். 8 அயர்னால் தரையோடு உருட்டிவிடுவதும் ஒரு வழி. ஒரே பந்து என்பதுதான் பெரிய ஆதாயம், எந்த உறை என்பது இரண்டாவது.

ஏரியிலிருந்து எடுத்த பந்து வாங்குவதாக இருந்தால் கழுவி மட்டும் விற்பதை வாங்குங்கள். பெயின்டை உரித்துப் புதிதாகப் பூசியது என்றால் வேண்டாம். பூச்சின் தடிமன் மாறினால் பந்தின் மேல் உள்ள சின்னக் குழிகளின் ஆழமும் மாறும், பறப்பும் மாறும். அந்தச் சின்னக் குழிகள் இல்லாத வழவழப்பான பந்து பாதித் தூரம்தான் போகும், ஆகவே அது சாதாரண விஷயம் இல்லை.

குளிர்காலக் காலையில் பந்தைப் பரிசோதிக்க வேண்டாம். குளிர்ந்த பந்து எல்லாமே கல்லாகத்தான் தெரியும், தூரமும் குறையும். நான் அடுத்த பந்தை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பேன்.

பின்னொன்பது:

மூன்று சாயங்காலம் உட்கார்ந்து, இல்லை, நின்றே செய்துவிட்டேன். பழைய மென்மையான பந்து, புரோ வி1, நடுவில் ஒன்று: கியூ-ஸ்டார் டூர். அதுவும் யூரித்தேன் உறைதான், கரு கொஞ்சம் மென்மை. மனைவி குறி போட்டுக் கொடுத்தார்.

முதலில் புட். 12 முறை அடித்து எந்தப் பந்து என்று சொல்லிப் பார்த்தேன், 9 சரி. பிறகு இரண்டு காதிலும் அடைப்பான் வைத்துக்கொண்டு அதே 12. சரியானது 4. மூன்றில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் சொன்னாலே 4 வரும். மணல்குழி ஐயா சொன்னதை நம்பினேன் என்றாலும், இவ்வளவு இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அடைப்பானோடு அடிக்கும்போது புட்டின் நீளமும் தடுமாறியது, கூடக்குறைய மூன்று நான்கு அடி.

சிப் 25 யார்டு. மென்மையான ஐயனோமர் பந்து விழுந்த பிறகு சராசரியாக 9 காலடி தூரம் உருண்டது. மற்ற இரண்டும் 5 அல்லது 6. அவை இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. 8 அயர்னிலும் அதே கதை. டிரைவரில் மூன்றும் ஒன்றோடொன்று கலந்தே விழுந்தன. என் அடிகளுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசமே பந்துகளின் வித்தியாசத்தைவிடப் பெரிது. 'கல்லு மாதிரி' என்று முதலில் எழுதினேன் அல்லவா, பெயர் தெரியாமல் அடித்தபோது அந்தப் பந்தை டிரைவரில் இரண்டு முறை 'மென்மையானது' என்று சொல்லியிருக்கிறேன்.

இந்த மூன்றில் கியூ-ஸ்டார் டூரை எடுத்துக்கொண்டேன். சிப் நிற்கிறது, புட்டில் சத்தம் 'க்ளிக்'குக்கும் 'தொப்'புக்கும் நடுவில். காலைப்பனி சொன்ன பயம் எனக்கும் உண்டு, அதனால் தண்ணீர் உள்ள மூன்று குழிகளுக்கு வேறு பந்து எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். விதி அனுமதிக்குமா? புட்டரில் மென்மையான இன்சர்ட் (முகத்தில் பதித்த துண்டு) இருக்கிறது, அதை மாற்ற வேண்டுமா?

மணல்குழி:

ஒரு குழி முடிந்து அடுத்த டீயில் வேறு பந்து எடுப்பதற்கு விதியில் தடை இல்லை. சில போட்டிகளில் மட்டும் ரவுண்டு முழுக்க ஒரே மாடல் என்று உள்ளூர் விதி போடுவார்கள், சாதாரண ஆட்டத்தில் அது கிடையாது. ஆனாலும் செய்யாதீர்கள் தம்பி. தண்ணீரைத் தாண்டிய பிறகு அந்தக் குழியிலேயே சிப்பும் புட்டும் வரும், அப்போது கையில் இருப்பது பழைய 'தொப்' பந்துதான். ஒரு டசனில் நான்கை ஓரமாக வைத்து, அவை தண்ணீருக்கு என்று முதலிலேயே மனசில் எழுதிவிடுங்கள்.

புட்டரை இப்போது தொடாதீர்கள். மென்மையான இன்சர்ட்டோடு மென்மையான பந்து சேர்ந்ததால்தான் அந்த உயிரில்லாத சத்தம் வந்திருக்கும். இப்போது பந்தை மாற்றியிருக்கிறீர்கள். பத்து ரவுண்டு அந்தச் சத்தத்துக்குக் காது பழகட்டும், பிறகு 20 அடி புட் எங்கே நிற்கிறது என்று வந்து எழுதுங்கள்.