கூலண்ட்டில் கலக்க எந்தத் தண்ணீர் சரி?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். என் பெட்ரோல் காரின் கூலண்ட்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை) மாற்றுவதற்காக, தண்ணீர் சேர்க்காத அடர் கூலண்ட் வாங்கி வைத்திருக்கிறேன். தாது நீக்கிய நீரை 50:50 அளவில் கலக்குமாறு கேனில் அச்சிட்டிருக்கிறார்கள். வழக்கமாக வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்கோ, வீட்டு ஆர்ஓ தண்ணீரே போதும் என்கிறார்.

எங்கள் வீடு சென்னைப் புறநகரில், குழாய் முனையெல்லாம் வெள்ளையாக உப்புப் பூக்கும் பகுதியில் இருக்கிறது. அத்தகைய போர்வெல் நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சூட்டில் படிந்து ரேடியேட்டரின் குறுகிய குழாய்களை அடைக்கும், குளோரைடு அலுமினியத்தை அரிக்கும் என்பதால் அதைத் தொடப்போவதில்லை. ஆர்ஓ இயந்திரம் உப்பைக் குறைக்கிறதே தவிர முழுமையாக நீக்குவதில்லை. போதாக்குறைக்கு, சில இயந்திரங்கள் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பவும் சேர்க்கின்றன. ஏசியிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து ஊற்றலாம் என்றார் ஒரு நண்பர். காயிலில் படிந்த தூசியும் அழுக்கும் அதில் கலந்திருக்குமே என்று விட்டுவிட்டேன்.

எஞ்சியிருப்பது, பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி தண்ணீர்தான். அமிலம் கலக்காத டிஸ்டில்டு வாட்டர் என்று லேபிளில் இருந்தால் நம்பி ஊற்றலாமா, அல்லது நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லதா? பழைய கூலண்ட்டை வடித்து அலசிய பிறகும் எஞ்சின் பிளாக்கில் கொஞ்சம் நீர் தங்கிவிடும் என்பதால், கடைசி அலசலையும் டிஸ்டில்டு வாட்டரிலேயே செய்து, அடர் கூலண்ட்டைச் சற்றுக் கூட்டி ஊற்றுவது சரியா? வீட்டிலேயே கூலண்ட் மாற்றிப் பழகியவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.