புதுப்பிப்பு: அப்பா ஷூக்குள்ள போட்ட மேடு வச்ச இன்சோல்

முன்னாடி கேட்டிருந்தேன்ல, அப்பாவுக்கு பார்கின்சன் (உடம்பு அசைவைப் பாதிக்கற மூளை நோய்), காலைத் தூக்காம தேய்ச்சு தேய்ச்சு நடக்கறார், சின்னச் சின்ன மேடு இருக்கற இன்சோல் போட்டா உதவுமான்னு. ஆறு வாரம் ஆச்சு, அதான் அப்டேட்.

முதல் நாளே சொதப்பல். ஷூல ஏற்கனவே இருந்த இன்சோலை எடுக்காம அது மேலயே இதையும் வச்சிட்டேன், குதிகால் மேல ஏறி ஷூ கழண்டு கழண்டு வந்துச்சு, நல்ல வேளை விழல. பழசை உருவிட்டு, அதையே அளவா வச்சு புதுசை வெட்டிப் போட்டதும் சரியாயிடுச்சு.

பிசியோதெரபிஸ்ட் சொன்னது என்னன்னா, பாதத் தோல்ல இருக்கற தொடு உணர்வு நரம்புகளை அந்த மேடு தூண்டுது, வெயிட் எந்தப் பக்கம் சாயுதுன்னு மூளைக்குக் கொஞ்சம் தெளிவா தெரியலாம், அவ்ளோதான், நோயை ஒண்ணும் பண்ணாது. சுகர்ல பாதம் மரத்துப்போனவங்களுக்குப் புண்ணானாலும் தெரியாதுங்கறதால டாக்டரைக் கேக்காம போடக்கூடாதாம். அப்பாவுக்கு சுகர் இல்ல, இருந்தாலும் தினம் ராத்திரி உள்ளங்காலை டார்ச் அடிச்சுப் பாக்கறேன், திட்டறார்.

பலன்? நேரா நடக்கறப்ப தேய்க்கற சத்தம் குறைஞ்சிருக்கு, பக்கத்து ரூம்ல இருந்தே காதுல தெரியுது. ஆனா வாசப்படில கால் தரையோட ஒட்டிக்கிட்ட மாதிரி நிக்கறது அப்படியேதான் இருக்கு, அதுக்கு தரைல கலர் டேப்பைக் குறுக்க ஒட்டி "கோட்டைத் தாண்டுங்கப்பா"ன்னு சொன்னதுதான் வேலை செஞ்சுது. இன்னொண்ணு, பார்கின்சனுக்கு அவர் சாப்பிடற லெவோடோபா மாத்திரை வேகம் இறங்கற நேரத்துல இன்சோல் இருந்தாலும் இல்லாட்டியும் அதே தடுமாற்றம்தான், அதனால வாக்கிங்கை மாத்திரை நல்லா வேலை செய்யற நேரத்துக்கு மாத்திட்டோம்.